படுத்தபடி அளந்த ஏரிகள்

பெர்கன், நார்வே
2 மார்ச் 2008

முனிலட்சுமிக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. வேலை கிடைத்துவிட்டது. எனக்கில்லை, உனக்கு! இரண்டு வருட ஆய்வுப் பணி. என் மேசைக்கு எதிர் மேசை.

வெள்ளிக்கிழமை காலை இங்க்ரிட் என் அறைக்கே வந்து சொன்னார். எங்கள் குழுவின் தலைவர் அவர்தான். பெரிய பேராசிரியர், ஆனால் இங்கே மேடம் கீடம் எல்லாம் கிடையாது, பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு இன்னும் நாக்கு கூசுகிறது. அவர்கள் என்னைப் "பொரி" என்கிறார்கள். பொற்கொடி என்று சொல்ல வரவில்லையாம். கடலையோடு கலந்து தின்கிற சாமான் மாதிரி ஆகிவிட்டேன்.

உன் ஆய்வேட்டை அவர் முழுக்கப் படித்திருக்கிறார். ஓசூரிலிருந்து காவேரிப்பட்டினம் வரை தென்பெண்ணைப் பக்கத்து ஏரிகளை இவ்வளவு பொறுமையாகப் பார்த்த ஆள் இல்லை என்றார். முப்பது வருடச் செயற்கைக்கோள் படங்கள் இங்கே குவிந்து கிடக்கின்றன. எந்த ஏரி சுருங்கியது, எது செத்தது, எது பிழைத்தது என்று வரைந்து சொல்ல வேண்டும். சேலத்தில் ஒரே ஆய்வகத்தில் ஒரே மேசையைப் பங்குபோட்டு நாம் செய்த அதே வேலைதான். இங்கே கணினி மட்டும் வேகமாக ஓடும்.

விசாவுக்கான தாள்களைக் கூடவே வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு. மூன்று முறை போன் செய்தேன். உன் மாமியார் எடுத்து, "தூங்கிக்கினு கீறாம்மா" என்றார். பட்டப்பகலில் உனக்கென்ன தூக்கம்?

இங்கே மழை நிற்கவே நிற்காது. காய்ந்த ஏரிகளைப் படிக்க இப்படி ஓர் ஊரில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். நீ வந்தால் இரண்டு பேராகச் சேர்ந்து சிரிக்கலாம்.

பொற்கொடி


ஓசூர்
24 மார்ச் 2008

அன்புள்ள பொற்கொடி,

தாள்கள் வந்தன. இங்க்ரிட்டுக்கு என் நன்றியைச் சொல்.

நான் வரவில்லை. வீட்டுச் சூழ்நிலை சரியில்லை. பாலாஜிக்கு ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கிறது, அத்தைக்கும் வயதாகிவிட்டது. இங்கிருந்தே வேலையைச் செய்ய முடியுமா என்று கேட்டுப் பார். படங்களை டிஸ்க்கில் போட்டு அனுப்பினால் போதும், வரைந்து திருப்பி அனுப்புகிறேன். முடியாதென்றால் வேறு யாருக்காவது அந்த இடத்தைக் கொடுத்துவிடட்டும்.

குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்.

முனிலட்சுமி


பெர்கன்
13 ஏப்ரல் 2008

முனிலட்சுமி,

இன்று சித்திரை முதல் நாள். நல்ல நாளும் அதுவுமாகச் சண்டை போட வேண்டாமென்று பார்த்தேன், முடியவில்லை.

பத்தே வரியில் எழுதி முடித்துவிட்டாய். அந்த இடத்துக்காக நான் இங்கே யார் யார் காலையெல்லாம் பிடித்தேன் தெரியுமா? நாகரசம்பட்டியில் மாந்தோப்புக் கூலிக்குப் போன வீட்டிலிருந்து முதல் ஆளாக டாக்டர் பட்டம் வாங்கியவள் நீ. அன்றைக்கு உன் அப்பா சேலம் பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதாரே, அது "அத்தைக்கு வயதாகிவிட்டது" என்று எழுதத்தானா? உன் மாமியார் மாதேஸ்வரி அம்மா போக வேண்டாமென்று சொன்னாரா? அதையாவது நேராகச் சொல்.

போன வாரம் உன் வீட்டுக்காரர் பாலாஜிக்கே போன் செய்தேன். கடுமையாகத்தான் பேசினேன். அவர் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. அதில் எனக்கு இன்னும் எரிச்சல்.

இங்கிருந்தே செய்கிறேன் என்கிறாய். இது தையல் மெஷினா, வீட்டில் வைத்துத் தைத்துக் கொடுக்க? பணியாளர் என்றால் இங்கே வந்து உட்கார வேண்டும், அதுதான் விதி.

இந்த மாதக் கடைசிக்குள் பதில் வராவிட்டால் வேறு ஆள் எடுத்துவிடுவார்கள். எடுக்கட்டும். இனி இதைப் பற்றி நான் எழுதமாட்டேன்.

பொற்கொடி


ஓசூர்
25 ஏப்ரல் 2008

பொற்கொடி,

பாலாஜியிடம் நீ பேசியபோது அவர் கம்பெனி கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பெண்டாட்டியைப் பூட்டி வைத்து அடுப்பூத விடுகிறவன் என்றாயாம். போன் சத்தம் அவரோடு வேலை செய்கிற கங்கப்பன் வரைக்கும் கேட்டிருக்கிறது. சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்திருக்கிறார். என்னிடம் அவர் சொல்லவில்லை, கங்கப்பன்தான் சொன்னார். நான் கேட்டதற்கு, "விடு லட்சுமி, அந்தப் பொண்ணுக்கு விசயம் தெரியாது. தெரிஞ்சா இன்னா பேசியிருக்கும்?" என்கிறார்.

போகச் சொல்லி என்னைத் துரத்தியவரே அவர்தான். ஒரு பெட்டிகூட வாங்கி வைத்திருந்தார்.

விசயத்தைச் சொல்கிறேன். எனக்கு மூன்றாவது மாதம் முடிகிறது.

இதற்கு முன் இரண்டு முறை கலைந்துவிட்டது. பர்கூர் பக்கம் ஏரி ஏரியாகச் சுற்றிக்கொண்டிருந்தபோது எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி ஆய்வகத்துக்கு வராமல் இருந்தேனே, அது காய்ச்சல் இல்லை. நீ நார்வே போன பிறகு இன்னொன்று. இந்த முறை டாக்டரம்மா கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். குளிக்கக்கூட அத்தைதான் கைப்பிடித்துக் கூட்டிப் போகிறார். நீ திட்டுகிறாயே, அந்த மாதேஸ்வரி அம்மாதான். எனக்கு ஆக்கிப் போட்டுவிட்டு, மீதி நேரம் வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களை விரட்டுகிறார். "எம் மருமவ தூங்கிக்கினு கீறா" என்று உன்னையும் விரட்டியிருக்கிறார்.

வாய்விட்டுச் சொன்னால் இதுவும் போய்விடுமோ என்று பயம். நான் படித்த படிப்புக்கு இப்படிப் பயப்படக் கூடாதுதான். பயந்தேன். என் அம்மாவுக்கே போன வாரம்தான் தெரியும்.

இன்னொன்றும் உன்னிடம் சொல்ல வேண்டும். அந்த வேலை எனக்கு வேண்டும். எவ்வளவு வேண்டும் என்று இங்கே யாரிடமும் சொல்ல முடியவில்லை. சொன்னால் வயிற்றில் இருப்பதை நான் சுமையாக நினைக்கிறேன் என்பார்கள். அப்படியில்லை. எனக்கு இரண்டும் வேண்டும். நாளெல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன். படுத்துக்கொண்டே படம் பார்க்கலாம், பொற்கொடி. கண்ணுக்கும் கைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நீ சொன்ன கடைசி நாளுக்குள் இந்தக் கடிதம் வந்து சேராது. அதனால் ஒரு வரி மின்னஞ்சலும் பாலாஜியை அனுப்பச் சொல்லியிருக்கிறேன். "வரும் கடிதத்தைப் படித்துவிட்டு முடிவு செய்யவும்" என்று மட்டும்.

லட்சுமி


பெர்கன்
11 மே 2008

லட்சுமி,

கடிதத்தைப் பல்கலைக்கழகப் படிக்கட்டிலேயே நின்று படித்தேன். மழையில் கடைசிப் பக்கம் நனைந்துவிட்டது. நேராக இங்க்ரிட் அறைக்குப் போனேன். உன்னைக் கேட்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இதற்கும் கோபப்படு, பரவாயில்லை.

அவர் கையிலிருந்த தாள்களை ஒதுக்கி வைத்தார். பிறகு, "அவள் வலியோடு இருக்கிறாளா?" என்று கேட்டார். இல்லை, சலிப்போடு இருக்கிறாள் என்றேன். "சலிப்புக்கு நம்மிடம் மருந்து இருக்கிறது" என்று சொல்லிவிட்டு நிர்வாக அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

அவர்கள் முடியாதென்றார்கள். வேறு நாட்டில் படுத்திருக்கும் ஒருவருக்கு இங்கிருந்து சம்பளம் கொடுத்த வழக்கமே இல்லையாம். வேலை செய்கிறாரா என்று யார் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்று கேள்வி. இங்க்ரிட் விடவில்லை. கடைசியில் ஒரு வழி பிறந்தது. செப்டம்பர் வரைக்கும் சோதனை முறையில் நீ வீட்டிலிருந்தே செய்யலாம். அதுவரை நிரந்தர இடத்தை யாருக்கும் தரமாட்டார்கள். செப்டம்பரில் நிர்வாகத்தார் ஸ்கைப்பில் உன்னிடம் நேராகப் பேசிவிட்டு முடிவு சொல்வார்கள்.

முதல் டிஸ்க்குகள் இதோடு வருகின்றன. உங்கள் ஊர் இணையத்தில் இவ்வளவு பெரிய படங்களை இறக்க ஆரம்பித்தால் பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போய்விடும். அதனால் படங்கள் தபாலில் வரும், நீ வரைந்த கோடுகள் மட்டும் இணையத்தில் வரட்டும்.

பாலாஜியிடம் பேசினேன். மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லீங்க, கேன்டீன்ல அன்னிக்கு உப்புமாதான்" என்றார். போனை வைத்த பிறகுதான் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது. இங்கே எனக்குத் தமிழில் சண்டை போடக்கூட ஆளில்லை, லட்சுமி. நீ வரமாட்டேன் என்றதும் அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

எழுந்து உட்காராதே. படுத்தே இரு.

பொற்கொடி


ஓசூர்
13 ஜூலை 2008

அன்புள்ள பொற்கொடி,

ஆறாவது மாதம். உதைக்கிறது. நேற்று மடிக்கணினியையே ஒரு ஆட்டு ஆட்டியது.

பாலாஜி ஒரு பலகையை அறுத்து, கட்டிலின் இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து எனக்கு மேசை செய்திருக்கிறார். ஒருக்களித்துப் படுத்து வரைகிறேன். ஒரு பக்கம் வலித்தால் அத்தை கணினியைத் தூக்கி மறு பக்கம் வைக்கிறார். இப்போது அவருக்கும் படம் பார்க்கத் தெரிந்துவிட்டது. "இது நம்ம பாரூர் ஏரியா? இத்தினிக்கூண்டா கீதே!" என்கிறார்.

கரண்ட்தான் பெரிய பாடு. காலையில் போகிறது, மத்தியானம் போகிறது, சொல்லாமலும் போகிறது. எல்லை தாண்டி அத்திப்பள்ளி போனால் கர்நாடகம், அங்கே கரண்ட் போகிற நேரம் வேறு. கங்கப்பன் வீடு அத்திப்பள்ளியில்தான். இங்கே கரண்ட் இல்லாத அன்று என் வேலையை ஒரு பென் டிரைவில் போட்டு அவரிடம் கொடுத்தனுப்புகிறோம். அவர் வீட்டுப் பக்கத்து பிரவுசிங் சென்டரிலிருந்து உனக்கு வருகிறது. என் ஏரிகள் மாநில எல்லையைத் தாண்டித்தான் நார்வேக்கு வருகின்றன.

போன மாதம் நீ கேட்டிருந்தாயே, சூளகிரிப் பக்கத்து ஏரி ஒன்று இரண்டு வருடமாகப் படத்தில் வயலாகத் தெரிகிறது, செத்துவிட்டதா என்று. எனக்கும் தெரியவில்லை. பச்சையாக இருக்கிறது, அவ்வளவுதான். நான் போய்ப் பார்க்க முடியாது. போன ஞாயிற்றுக்கிழமை பாலாஜி கேமராவை எடுத்துக்கொண்டு பைக்கில் போனார்.

கரையில் நின்று நாலு படம் எடுத்திருக்கிறார். உடனே ஆட்கள் கூடிவிட்டார்கள். யாரென்று கேட்டு முதலில் தெலுங்கில், "எவரய்யா நுவ்வு?" பிறகு தமிழில், "கம்பெனிக்கு நெலம் எடுக்க வந்தியா? கேமராவ குடு!" பைக் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். இவர் ஏரியைப் பார்க்க வந்தேன் என்று சொல்லியிருக்கிறார். ஏரியைப் பார்க்க எவனாவது லீவு நாளில் வருவானா என்று யாரும் நம்பவில்லை. ஊர்ப் பெரியவர் ராமப்பன் என்பவர் வந்து, "யாருக்காவ பாக்க வந்த?" என்று கேட்டாராம். இவர் உள்ளதைச் சொல்லியிருக்கிறார். "எம் பொண்டாட்டி ஏரி பத்தி ஆராய்ச்சி பண்றாங்க. மாசமா கீறாங்க, எழுந்திருக்கக் கூடாது. அதான் நான் வந்தேன்."

அதைக் கேட்டதும் ராமப்பன் சாவியை வாங்கிக் கொடுத்து, தானே இறங்கி, பச்சையைக் கையால் விலக்கிக் காட்டியிருக்கிறார். ஏரி முழுக்க ஆகாயத்தாமரை. அடியில் இடுப்பளவு தண்ணீர்! ஏரி சாகவில்லை, பொற்கொடி, மூடிக் கிடக்கிறது. இவர் வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. போனும் எடுக்கவில்லை. அத்தை வாசலுக்கும் என் கட்டிலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். பைக் சத்தம் கேட்டதும் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். வண்டி நிறைய மாம்பழம். "மாசமா கீற பொண்ணுக்கு" என்று ஊரே கட்டிக் கொடுத்ததாம்.

பர்கூரில் நான் ஏரி என்று வரைந்தது கல்குவாரிக் குழி என்று நீ கண்டுபிடித்தது சரிதான். திருத்திவிட்டேன். ரொம்பச் சிரிக்காதே.

லட்சுமி


பெர்கன்
14 செப்டம்பர் 2008

லட்சுமி,

என்ன ஆயிற்று?

வெள்ளிக்கிழமை நன்றாகத்தானே ஆரம்பித்தது. திரையில் உன் முகம் தெரிந்ததும் இங்க்ரிட் எழுந்து கை அசைத்தார். நிர்வாகத்திலிருந்து வந்தவர் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, "நீங்கள் வேலை செய்வதை நாங்கள் எப்படி நம்புவது?" என்று கேட்டார். "என்னைப் பார்க்க வேண்டாம், ஏரிகளைப் பாருங்கள். ஒவ்வொரு கரையும்" என்று நீ ஆரம்பித்தாய். அதோடு சரி. கையை நீட்டி மேசையைப் பிடித்தாய். திரை கருத்துவிட்டது.

மின்வெட்டு என்று நான்தான் அவர்களிடம் சொன்னேன். அரைமணி நேரம் காத்திருந்தோம். நிர்வாகத்துக்காரர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இதைத்தான் நாங்கள் சொன்னோம்" என்று எழுந்து போனார்.

அன்றிலிருந்து போன் அடிக்கிறேன். உன்னுடையதும் அணைந்து கிடக்கிறது, பாலாஜியுடையதும். வீட்டுப் போனை யாரும் எடுப்பதில்லை. மாதேஸ்வரி அம்மா ஒருமுறை எடுத்து என்னை விரட்டினால்கூடப் போதும் என்றிருக்கிறது. என் அப்பா ஓசூர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, சொந்த ஊரான அருப்புக்கோட்டைக்கே போய்விட்டார். ஓசூரில் இருந்திருந்தால் ஓடிப்போய்ப் பார்த்திருப்பார்.

நீ கையை நீட்டியது மின்வெட்டுக்கு முன்னால். அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் கடிதம் வருவதற்குள் எப்படியும் எனக்குச் சேதி தெரிந்துவிடும். ஆனாலும் எழுதுகிறேன், சும்மா இருக்க முடியவில்லை.

வேலை போனால் போகட்டும். நீ இருக்கிறாயா, அதைச் சொல்.

பொற்கொடி


ஓசூர்
12 அக்டோபர் 2008

அன்புள்ள பொற்கொடி,

பாலாஜி உனக்குப் போன் செய்தது எனக்குத் தெரியும். அவர், "பொண்ணு. ரெண்டு பேரும் நல்லாக்கீறாங்க" என்பதற்கு மேல் பேசியிருக்கமாட்டார். மீதியை நான் சொல்கிறேன்.

வலி வந்ததும் கரண்ட் போனதும் ஒரே நேரத்தில். கரண்ட் போகாமல் இருந்திருந்தால் பெர்கனில் அத்தனை பேர் முன்னால் நான் கத்தியிருப்பேன். நாள் இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. ஓசூர் டாக்டரம்மா பார்த்துவிட்டு, "இங்க வெச்சுக்க வேணாம், பெங்களூரு போயிடுங்க" என்றார். கங்கப்பன் யாரிடமோ கேட்டு ஒரு கார் கொண்டுவந்தார். அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் லாரிகள் மலை மாதிரி நின்றன. அத்தை காரை விட்டு இறங்கி, லாரிகளுக்கு நடுவில் கையை ஆட்டிக்கொண்டே போய், கன்னடத்தில் கூவிக் கூவி வழி வாங்கினார். அவருக்கு அவ்வளவு கன்னடம் தெரியும் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

பாப்பா பிறந்தபோது அழவில்லை. அந்த நேரத்தைப் பற்றி என்னால் எழுத முடியவில்லை. பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். ஓட்டையில் விரலை விட்டுத் தொட மட்டும் அனுமதி. பாலாஜி விரலைப் பிடித்துக்கொண்டது. அவர் நர்ஸ் வந்து சொல்லும்வரை அசையாமல் நின்றார்.

போன வாரம் வீட்டுக்கு வந்துவிட்டோம். பால் குடிக்கிறது. எடை ஏறுகிறது. டாக்டர் இனிப் பயமில்லை என்று சொன்னதும் நாங்கள் மூன்று பேரும் ஆஸ்பத்திரி நடையிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டோம். இத்தனை மாதம் கட்டிலில் கிடந்தவள், நேற்று தெருமுனை வரைக்கும் என் காலால் நடந்துபோய்ப் பூ வாங்கி வந்தேன். எதிரே வந்தவர்களைப் பார்த்தெல்லாம் சிரித்தேன்.

வேலை போயிருக்கும். வருத்தம் இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் இப்போது அது தாங்குகிற வருத்தம்தான்.

லட்சுமி


பெர்கன்
2 நவம்பர் 2008

என் லட்சுமி,

போகவில்லை!

நீ பெங்களூரில் இருந்தபோது இங்க்ரிட், நீ வரைந்த ஏரிகளை எல்லாம் பெரிய தாளில் அச்செடுத்து, நிர்வாக அலுவலகத்துச் சுவரில் வரிசையாக ஒட்டினார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பாலாஜி எடுத்த அந்தப் பச்சை ஏரியின் போட்டோவையும் நடுவில் வைத்தார். அந்த உம்மணாமூஞ்சி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். விதியைப் பற்றி மறுபடி ஆரம்பித்தார். இங்க்ரிட் கேட்டார்: "நம் கடல் ஆய்வாளர்கள் பாதி வருடம் கப்பலில் இருக்கிறார்கள். அவர்களிடம் நாற்காலி எங்கே என்று கேட்கிறோமா?"

வெள்ளிக்கிழமை கையெழுத்தாகிவிட்டது. இரண்டு வருடம், ஓசூரிலிருந்தே. ஜனவரியில் தொடங்கினால் போதும். எத்தனை மணிக்கு வேலை செய்வது என்பது உன் இஷ்டம், பாப்பாவின் இஷ்டம்.

சேதி கேட்டு வெளியே வந்தேன். குடையை அறையிலேயே விட்டுவிட்டேன். துறைமுகம் வரைக்கும் நனைந்துகொண்டே நடந்தேன். அங்கே மீன் கடைக்காரரிடம் "என் தோழிக்குப் பெண் பிறந்திருக்கிறது, வேலையும் கிடைத்திருக்கிறது" என்று தமிழில் சொன்னேன். அவருக்கு என்ன புரிந்ததோ, ஒரு மீன் கூடுதலாகப் போட்டார்.

ஜனவரி வரை கணினியைத் தொடாதே. தூங்கு.

பொற்கொடி


ஓசூர்
18 ஜனவரி 2009

அன்புள்ள பொற்கொடி,

திங்கட்கிழமைக் கூட்டத்தில் உன்னைத் திரையில் பார்த்தேன். எல்லோர் முன்னாலும் பேச முடியாததை இப்போது எழுதுகிறேன்.

ஐந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தீர்கள். நான் காவேரிப்பட்டினம் பக்கத்து ஏரிகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் பாப்பா அழ ஆரம்பித்தாள். அத்தை கடைக்குப் போயிருந்தார், பாலாஜி ஷிப்டில். இங்கிலீஷ் மறந்துபோய், "ஒரு நிமிசங்க" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு எழுந்து ஓடினேன்.

ஒரு நிமிஷமா அது? பால் கொடுத்து, துணி மாற்றி, தோளில் போட்டுத் தட்டி, கண் மூட வைத்து... திரும்பி வரும்போது எல்லோரும் போயிருப்பார்கள், இனிமேல் இந்தப் பெண் சரிப்படாது என்று பேசியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேதான் வந்தேன்.

யாரும் போகவில்லை. இங்க்ரிட் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். ஒருவர் எல்லோருக்கும் காபி ஊற்றிக்கொண்டிருந்தார். நீ மட்டும் வேறு பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாய், நான் பார்த்துவிட்டேன். பாப்பா என் தோளிலேயே தூங்கிக்கொண்டிருந்தாள். இங்க்ரிட் குரலைத் தணித்து, "இனி மெதுவாகப் பேசுவோம்" என்றார்.

அதற்குப் பிறகு கூட்டம் முடியும்வரை பெர்கனில் எல்லோரும் ரகசியம் மாதிரிதான் பேசினீர்கள். நானும் அப்படியே, ஏரி ஏரியாக, மீதியைச் சொல்லி முடித்தேன்.

லட்சுமி